மாறிப் போகும் பிள்ளைக்கு எத்தனை பருவம்?

ஜொகூர் மாநிலத்து ரெங்கத்துப் பிள்ளை ஒருத்தி, இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்த கையோடு ஒரு கல்லூரியில் சேர்ந்து, அங்கேயே இருந்து, குறித்த ஆண்டில் பட்டத்தோடு வீடு திரும்புவது நடக்காத காரியம் அல்ல. ஆனால் தோட்டப்புறத்துக் குடும்பங்களில் நான் அதிகம் கண்டது வேறு பாதை. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு. மலாய்மொழித் தேர்ச்சி போதாமல் புகுமுக வகுப்பில் ஓராண்டு. இடைநிலைப்பள்ளி முடிந்ததும், யாரோ கொண்டுவந்து கொடுத்த வண்ணத்தாளை நம்பிக் கோலாலம்பூர்ப் பக்கம் ஒரு தனியார் கல்லூரி. ஓராண்டோ ஒன்றரை ஆண்டோ போனபின் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போகும். அல்லது அறை வாடகை கட்டுப்படியாகாது. அல்லது எடுத்த படிப்பு தனக்கு ஒத்துவரவில்லை என்று பிள்ளைக்கே தெரியவரும். ஜொகூர் பாருவுக்கு மாறிவிடுவாள். கிட்டத்தில் வந்துவிட்டாள் என்று வீட்டில் ஒரு நிம்மதி. அந்த நிம்மதிக்கு எத்தனை பருவம் விலையாகப் போயிற்று என்று அன்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

படிப்புக்குக் கிடைக்கும் உதவிப்பணத்துக்கு எந்த நாட்டிலும் ஒரு காலவரம்பு உண்டு. அரசாங்கம் ஒருவரை ஆயுள் முழுக்கப் படிக்க வைக்க முடியாது என்பது நியாயமான பேச்சு. ஆனால் அந்த வரம்பை வகுப்பவர்கள் மனத்தில் இருப்பது நேராகப் படித்து முடிக்கும் பிள்ளை. இடையில் கல்லூரி மாறுகிற பிள்ளைக்கு அதே வரம்பு வேறு மாதிரி வேலை செய்கிறது. அது எப்படி என்று பார்க்க, மலேசியாவின் தேசிய உயர்கல்வி நிதிக் கழகத்தை, அதாவது நம் வீடுகளில் எல்லாரும் சொல்லும் பி.டி.பி.டி.என்.-ஐ, அமெரிக்காவின் பெல் உதவித்தொகைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். ஒன்று கடன், மற்றது திருப்பிக் கட்ட வேண்டாத பணம். பிறகு ஏன் இந்த இரண்டு என்று கேட்கலாம். கல்லூரி விட்டுக் கல்லூரி மாறுவதை ஒரு தவறாக எண்ணாமல் ஒரு வழியாகவே வகுத்து வைத்திருக்கும் நாடு அமெரிக்கா. நம் நாட்டுத் தனியார் கல்லூரிகளும் 1980களிலிருந்து அந்த வழியைத்தான் 'அமெரிக்கப் பட்ட மாற்றத் திட்டம்' என்று விற்றன: இரண்டாண்டு இங்கே, இரண்டாண்டு அங்கே. பணம் உள்ளவர்களுக்கு மாற்றம் என்பது அப்படித் திட்டமாக வந்தது. பணம் இல்லாதவர்களுக்கு அது விபத்தாக வருகிறது.

முதலில் அமெரிக்கக் கணக்கு. 1965ஆம் ஆண்டு உயர்கல்விச் சட்டத்தில் 1972இல் செய்த திருத்தத்தின் வழி பிறந்த இந்த உதவிக்கு, 1980இல் செனட்டர் கிளேபோர்ன் பெல்லின் பெயரை வைத்தார்கள். வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகள் முதல் பட்டம் முடிக்கும்வரை கிடைக்கும். 2024-25 கல்வியாண்டில் உச்சத் தொகை 7,395 டாலர். மாணவர் விசாவில் அங்கே படிக்கும் வெளிநாட்டவர்களுக்கு இது கிடையாது. ஆகவே இங்கிருந்து அங்கே போகும் பிள்ளை இதை எதிர்பார்க்க முடியாது.

இதில் இரண்டு வரம்புகள் இருக்கின்றன. இரண்டையும் பிரித்துப் புரிந்துகொள்ளாமல் எதுவும் விளங்காது.

ஒன்று, ஆள்மீது எழுதிய வரம்பு. ஒரு மனிதர் தம் வாழ்நாளில் 12 முழுப் பருவங்களுக்கு மேல் பெல் வாங்க முடியாது. இதை விழுக்காட்டில் கணக்கிடுகிறார்கள்: ஓராண்டு முழு உதவி 100 விழுக்காடு, வாழ்நாள் உச்சம் 600. பாதிப் பாடச்சுமையோடு ஒரு பருவம் படித்தால் 50க்குப் பதில் 25தான் கழியும். தோட்டத்துச் செக்ரோல் பதிவேட்டில் அரை நாள் வேலைக்கு அரை நாள் பதிவதைப் போன்ற கணக்கு. அந்த அளவில் நேர்மையானது. ஆனால் ஒரு கடுமையும் உண்டு. குடும்ப வருமானம் சற்றுக் கூடுதல் என்பதால் ஒரு மாணவிக்கு மிகச் சிறிய தொகையே கிடைக்கிறது என்று வையுங்கள். அவளுக்கென ஒதுக்கிய அந்தச் சிறு தொகையை முழுதாக வாங்கிவிட்டால் அவளுக்கும் 100 விழுக்காடு கழிந்துவிடும். கழிவது டாலர் அல்ல, காலம்.

இந்த 12 என்ற எண் பழையதும் அல்ல. அதற்கு முன் 18 பருவங்கள் என்று இருந்தது. 2011 டிசம்பரில் நிறைவேறிய நிதி ஒதுக்கீட்டுச் சட்டம் அதை 12 ஆக்கி, 2012 ஜூலை 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஏற்கனவே படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு விலக்கு என்ற பேச்சே இல்லை. 13ஆம் பருவத்தில் இருந்தவருக்கு அந்தக் கோடையோடு உதவி நின்றது. யார் 13ஆம் பருவம்வரை வந்திருப்பார்கள்? வேலை பார்த்துக்கொண்டே படித்தவர்கள், பிள்ளை பெற்றபின் திரும்பி வந்தவர்கள், கல்லூரி மாறியவர்கள். இந்த வரம்புக்கு மேல்முறையீடும் கிடையாது.

இரண்டாவது, படிப்பின்மீது எழுதிய வரம்பு. ஒரு படிப்புக்கு எத்தனை கிரெடிட் வேண்டுமோ அதில் ஒன்றரை மடங்குக்குள் முடித்தாக வேண்டும். 120 கிரெடிட் பட்டம் என்றால், எழுதித் தோற்றதும் இடையில் விட்டதும் சேர்த்து 180 கிரெடிட்டைத் தாண்டக் கூடாது. மாறி வருகிறவர்களுக்கு இங்கே ஒரு தெளிவான விதி: புதிய கல்லூரி ஏற்றுக்கொண்ட பழைய கிரெடிட்டுகள் எடுத்த கணக்கிலும் முடித்த கணக்கிலும் சேரும். ஏற்காத கிரெடிட்டுகளைச் சேர்க்க வேண்டியதில்லை. நோயோ வீட்டில் ஒரு சாவோ குறுக்கிட்டால் கல்லூரியில் முறையிடவும் வழி உண்டு.

இந்த இரண்டு வரம்புகளும் ஒரே மாணவியை இரண்டு விதமாகப் பார்க்கின்றன. மாறும்போது தொலைந்த கிரெடிட்டை இரண்டாவது வரம்பு மறந்துவிடுகிறது. முதல் வரம்பு மறப்பதில்லை. பாடம் தொலைந்தது, அந்தப் பாடத்துக்காகச் செலவான பருவம் மட்டும் அவள் பெயரில் நிற்கிறது.

எவ்வளவு தொலைகிறது? அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2017இல் வெளியிட்ட அறிக்கை, 2004க்கும் 2009க்கும் இடையில் கல்லூரி மாறியவர்கள் சராசரியாக 43 விழுக்காடு கிரெடிட்டுகளை இழந்ததாக மதிப்பிட்டது. இந்த எண்ணை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மாணவி சமூகக் கல்லூரியில் மூன்றாண்டு முழுப் பாடச்சுமையோடு இருந்து 72 கிரெடிட் சேர்க்கிறாள். ஆறு பருவம் செலவு, ஆறு பாக்கி. மாறும்போது அந்தச் சராசரிப்படி இழந்தால் கையில் 41தான் மிஞ்சும். பட்டத்துக்கு இன்னும் 79 வேண்டும். பருவத்துக்கு 15 கிரெடிட் எடுத்தால் ஆறு பருவத்தில் 90, முடித்துவிடலாம். வேலைக்கும் போவதால் 12தான் எடுக்க முடிகிறது என்றால் 72. ஏழு கிரெடிட் குறைவாக, பட்டத்துக்கு ஓரடி முன்னால், உதவி நின்றுபோகும். இத்தனைக்கும் அவள் எந்தப் பாடத்திலும் தோற்கவில்லை.

இனி நம் கணக்கு. 1997ஆம் ஆண்டுச் சட்டம் 566இன் கீழ் வந்த பி.டி.பி.டி.என்., ஆள்மீது பருவ எண்ணிக்கை எதையும் எழுதுவதில்லை. அது எழுதுவது ஒப்பந்தத்தின்மீது. இந்த உயர்கல்விக்கூடம், இந்தப் படிப்பு, இத்தனை காலம், இத்தனை வெள்ளி என்று கையெழுத்தாகிறது. விண்ணப்பிக்கும் நாளில் வயது 45ஐத் தாண்டக் கூடாது. படிப்பு அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும். படிப்பில் குறைந்தது ஓராண்டாவது பாக்கி இருக்க வேண்டும். குடும்ப வருமானத்தைப் பார்த்து முழுத் தொகை, 75 விழுக்காடு, 50 விழுக்காடு என்று பிரிக்கிறார்கள். பருவத் தேர்ச்சிப் புள்ளி 2.00க்குக் கீழே இறங்கினால் பணம் நிறுத்தி வைக்கப்படும். இடம் மாறினால் கடன் தானாகக் கூடவே வருவதில்லை. தெரிவித்து, அனுமதி பெற்று, தேவையானால் புதிதாக விண்ணப்பித்து நகர வேண்டும்.

முதல் பார்வைக்கு நம் முறை தாராளமாகத் தெரியும். ஓரிடத்தில் உண்மையிலேயே தாராளம்தான், அதை மறைத்துப் பேசக் கூடாது. இங்கே டிப்ளோமாவுக்கு ஒரு கணக்கு, பட்டப்படிப்புக்குத் தனிக் கணக்கு. தாதிமையிலோ கணக்கியலிலோ டிப்ளோமா முடித்த பிள்ளை பட்டப்படிப்புக்குப் போகும்போது, முன்பு எத்தனை ஆண்டு உதவி வாங்கினாள் என்று காலத்தைக் கழிப்பதில்லை. அமெரிக்காவில் ஈராண்டுப் பட்டத்துக்கும் நான்காண்டுப் பட்டத்துக்கும் சேர்த்து ஒரே உண்டியல், அந்தப் பன்னிரண்டுதான். எங்கள் வட்டாரத்துப் பிள்ளைகளில் பலர் டிப்ளோமா வழியாகவே மேலே ஏறுகிறவர்கள். பாரிட் ராஜாவில் உள்ள துன் ஹுசேன் ஓன் பல்கலைக்கழகத்துக்கோ ஸ்கூடாயில் உள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கோ அந்தப் படியில் கால்வைத்து நுழைகிறவர்களுக்கு, இந்தத் தனிக் கணக்கு பெரிய ஆறுதல்.

ஆனால் இங்கேயும் கிரெடிட் தொலைகிறது. மலேசியத் தகுதிக் கட்டமைப்பின்படி டிப்ளோமாவுக்குக் குறைந்தது 90 கிரெடிட், இளங்கலைப் பட்டத்துக்கு 120. டிப்ளோமாவிலிருந்து பட்டத்துக்கு ஏறும்போது பட்டத்தின் மொத்தக் கிரெடிட்டில் 30 விழுக்காடுவரைதான் ஏற்கலாம் என்பது நெடுநாளாக இருந்துவரும் வழக்கமான வரம்பு. 120இல் 30 விழுக்காடு என்றால் 36. தொண்ணூறு படித்தவளுக்கு மேலே போனதும் முப்பத்தாறு. டிப்ளோமா ஒரு படி கீழே உள்ள தகுதி, அதை அப்படியே பட்டமாக எண்ண முடியாது என்பது சரி. ஆயினும் இன்னும் 84 கிரெடிட்டுக்கு அவள் மறுபடி உட்கார வேண்டும், அதற்கெல்லாம் மறுபடி கடன்.

அமெரிக்காவில் காலத்தில் விழும் அடி இங்கே வெள்ளியில் விழுகிறது. 2014 நவம்பரில் தனியார் நிலையங்களுக்கான கடன் 15 விழுக்காடு குறைக்கப்பட்டபின், அங்கே டிப்ளோமாவுக்கு ஆண்டுக்கு உச்சம் 6,800 வெள்ளி, பட்டப்படிப்புக்கு 13,600 வெள்ளி என்றானது. இரண்டரை ஆண்டு டிப்ளோமாவுக்கு 17,000. பழைய கிரெடிட் ஏதும் ஏற்கப்படாமல் முழு மூன்றாண்டுப் பட்டம் படித்தால் 40,800. மொத்தம் 57,800 வெள்ளி. ஆண்டுக்கு 1 விழுக்காடு சேவைக் கட்டணம் தனி. பழைய கிரெடிட்டுகள் ஓராண்டுப் படிப்பை மிச்சப்படுத்தியிருந்தால் இதில் 13,600 குறைந்திருக்கும். பெல் வாங்கும் மாணவி இழந்த பருவம் அவளுடைய எதிர்காலப் பருவத்தை எடுத்துக்கொள்கிறது. நம் பிள்ளை இழந்த பருவம் அவளுடைய எதிர்காலச் சம்பளத்தை எடுத்துக்கொள்கிறது.

அந்தச் சம்பளம் எங்கே கிடைக்கிறது என்பதையும் ரெங்கத்தில் இருந்து பார்த்தால்தான் தெரியும். தென் ஜொகூரில் படித்து முடித்தவர்களில் கணிசமானோர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள். கல்விக் கடன் கட்டாதவர்களைக் குடிநுழைவுத் துறையின் தடைப்பட்டியலில் போட்ட காலம் ஒன்று இருந்தது. 2018இல் ஆட்சி மாறியபின் அந்தப் பட்டியல் நீக்கப்பட்டது. அது நடப்பில் இருந்தபோது, பாலத்தைக் கடந்து சம்பாதித்துக் கடனைக் கட்ட நினைத்தவனைப் பாலத்துக்கு இந்தப் பக்கமே நிறுத்தி வைத்தது. கல்லூரி மாறிப் பட்டம் முடிக்காமலே போனவனுக்கு அது இரட்டை அடி. படிப்பு பாதியில் நின்றாலும் வாங்கிய கடன் பாதியாவதில்லை.

இனி, இந்த ஒப்பீட்டில் என்னை அதிகம் உறுத்திய இடம். அது நம் பக்கத்து விதியில்தான் இருக்கிறது: குறைந்தது ஓராண்டு பாக்கி இருக்க வேண்டும் என்ற அந்த ஒற்றை வரி.

ஒரு பட்டப்படிப்பிலிருந்து அதே நிலையிலுள்ள இன்னொரு பட்டப்படிப்புக்கு மாறுகிறவளை எண்ணிக்கொள்ளுங்கள். இந்த வகை மாற்றத்தில் முப்பது விழுக்காட்டு வரம்பு இல்லை. பாடங்கள் ஒத்துப்போனால் நிறையவே ஏற்பார்கள். மூன்றாம் ஆண்டுத் தொடக்கத்தில் அவள் மாறுகிறாள். புதிய கல்லூரி மனமுவந்து பெரும்பகுதியை ஏற்றுக்கொள்கிறது. இன்னும் இரண்டு பருவம்தான், பத்து மாதத்தில் முடித்துவிடலாம் என்கிறார்கள். வீட்டில் மகிழ்ச்சி. ஆனால் பத்து மாதம் ஓராண்டு அல்ல. புதிய கடனுக்கு அவள் விண்ணப்பிக்க வேண்டிய நிலை வந்தால், அந்த வரி அவளை வெளியே நிறுத்தும். கிரெடிட்டில் கொஞ்சம் தொலைத்துவிட்டு, பதினாறு மாதம் பாக்கி என்று வந்திருந்தால் தகுதி இருந்திருக்கும்! அமெரிக்காவில் குறைவாக ஏற்றால் காலம் போதாமல் போகிறது. இங்கே நிறைவாக ஏற்றால் கடனே கிடைக்காமல் போகலாம். முதலாவது கடுமையான விதி. இரண்டாவது, யாருக்கும் பயனில்லாத விதி. பத்து மாதக் கடன் கொடுத்தால் அரசாங்கத்துக்குப் பட்டதாரி ஒருத்தி கிடைப்பாள், முதல் கடனும் திரும்பி வரும். கொடுக்க மறுத்தால் இரண்டும் இல்லை. கடைசிக் கட்டத்தில் புதிதாகக் கடன் கேட்டு வருகிறவர்களைத் தடுக்க இந்த வரியை எழுதியிருக்கலாம். மாறி வருகிறவள் புதியவள் அல்லள். அதே கழகத்தின் பழைய கடனாளி.

கல்லூரி தானே மூடிப்போனால்? அமெரிக்காவில் கொரிந்தியன் கல்லூரிகள் 2015 ஏப்ரலிலும், ஐ.டி.டி. தொழில்நுட்பக் கல்லூரிகள் 2016 செப்டம்பரிலும் கதவை மூடின. பல்லாயிரம் மாணவர்கள் நடுவழியில் நின்றார்கள். மூடிய கல்லூரியில் படித்து முடிக்க முடியாமல் போனவர்களுக்கு, அங்கே செலவான பெல் விழுக்காட்டைத் திரும்ப ஏற்றிக் கொடுக்கும் ஏற்பாடு பிறகு வந்தது. மேல்முறையீடே இல்லாத அந்தக் கண்டிப்பான வரம்பில் திறந்த ஒரு சன்னல் அது. தொலைந்த காலம் மாணவியின் குற்றம் அல்ல என்று ஓர் அரசாங்கம் எழுத்தில் ஒப்புக்கொண்டது என்பதால் அதை நான் பெரிதாக மதிக்கிறேன். 1996ஆம் ஆண்டின் தனியார் உயர்கல்விச் சட்டத்துக்குப்பின் நம் நாட்டில் கடைவீட்டு மாடிகளில்கூடக் கல்லூரிகள் முளைத்தன. அவற்றில் எத்தனையோ இன்று இல்லை. அங்கே படித்த பிள்ளைகளில் நம் பிள்ளைகள் கொஞ்சமல்லர்.

மாறுவதற்கு முன்பே வழியைச் சரிசெய்வதில் கலிஃபோர்னியா ஒரு நல்ல வேலை செய்தது. 2010இல் அங்கே நிறைவேறிய சட்டத்தின்படி, சமூகக் கல்லூரியில் மாற்றத்துக்கென்றே வகுத்த 60 அலகுப் பட்டத்தை முடித்தவர், கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக அமைப்பில் அதே துறையில் இன்னும் 60 அலகு படித்தால் போதும். அறுபதும் அறுபதும் நூற்றிருபது; நடுவில் ஒன்றும் சிந்துவதில்லை. உதவித்தொகையின் காலவரம்பைத் தளர்த்தாமலே, அந்த வரம்புக்குள் பிள்ளை முடித்துவிட முடிகிறது. நம் நாட்டில் பாலிடெக்னிக்கிலிருந்து அரசுப் பல்கலைக்கழகத்துக்கு ஏறும் வழியை இப்படித் துறைக்குத் துறை எண்ணிட்டு எழுதி, பள்ளியிலேயே மாணவர் கையில் கொடுத்தால், கடன் தொகை எவ்வளவு குறையும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

இரண்டில் எது மேல் என்று கேட்டால் ஒரே சொல்லில் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. டிப்ளோமா வழி வருகிறவளுக்கு நம் முறை நல்லது. திருப்பிக் கட்ட வேண்டாம் என்பதால் பெல் எவருக்கும் நல்லது. ஆனால் மாறிப் போகிறவளுக்கு முதலில் வேண்டியது தன் நிலை தனக்குத் தெரிவது. அமெரிக்க மாணவி அரசாங்க இணையக் கணக்கைத் திறந்தால் இதுவரை எத்தனை விழுக்காடு கழிந்தது என்பதைப் பார்க்க முடியும். எந்தக் கல்லூரிக்குப் போனாலும் அந்த எண் கூடவே வருகிறது. கசப்பான எண்ணாக இருந்தாலும் அதை வைத்து அவள் திட்டம் போடலாம். நம் பிள்ளையும் தன் கடன் பாக்கியைப் பார்க்கலாம்; ஆனால் இப்போது மாறினால் என்ன நிற்கும், எது தொடரும், எத்தனை மாதம் பாக்கியிருந்தால் மறுபடி தகுதி என்பதை ஒரே இடத்தில் காட்டும் எண் அவளுக்கு இல்லை. அதை அவள் கல்லூரி அலுவலகத்தில் கேட்கிறாள். அந்த அலுவலகத்துக்கோ அவளைச் சேர்த்துக்கொள்ளும் அவசரம். பழைய கல்லூரியில் கேட்டால் அவளைப் போகவிடாத அவசரம்.

பாடப் பட்டியலும் தேர்ச்சிச் சான்றும் கையில் இருக்க, புதிய கல்லூரி எத்தனை கிரெடிட்டை ஏற்கிறது என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு, அந்தத் தாளோடு ஜொகூர் பாருவில் நிதிக் கழக அலுவலகத்துக்குப் போய், கடன் தொடருமா என்று கேட்டபின் பழைய கல்லூரியில் விலகல் கடிதம் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் இந்த வரிசை தலைகீழாகத்தான் நடக்கிறது. விலகல் கடிதம் முதலில், கேள்வி கடைசியில். ரெங்கத்து வீட்டில் இதைச் சொல்லிக்கொடுக்க, முன்பே இந்த வழியில் போய் வந்த அக்காவோ அண்ணனோ பல குடும்பங்களில் இல்லை. அந்தக் குடும்பத்தில் கல்லூரிக்குப் போகும் முதல் ஆளே அவள்தான்.